முப்பது மீற்றர் எங்கே முடிகிறது?



“அந்தப் பனையடியிலிருந்து கிழக்கே முப்பது மீற்றர்” என்று ஒருவர் சொன்னால் எமக்கு உடனே விளங்கிவிடும். பனையும் தெரியும், கிழக்கும் தெரியும். கணினிக்கோ இரண்டும் தெரியாது. அதற்கு ஓர் இடம் என்பது இரண்டு எண்கள்தான். அகலக்கோடு ஒன்று, நெடுங்கோடு ஒன்று. இவற்றை ஆள்கூறுகள் என்கிறோம். புதுக்குடியிருப்பு ஏறக்குறைய வடக்கு 9.31 பாகையிலும் கிழக்கு 80.70 பாகையிலும் அமைந்துள்ளது.

அப்படியானால் “கிழக்கே முப்பது மீற்றர்” என்பதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? அதற்கென எழுதப்படும் சிறு செய்நிரல் துண்டைச் சார்பு என்பர். அரிசியைப் போட்டால் மாவைத் தரும் ஆலையைப் போல, தொடக்கப் புள்ளியையும் தூரத்தையும் கொடுத்தால் இது புதிய புள்ளியைத் தரும். இத்தகைய சார்புகளைத் தொகுத்து வைத்திருப்பதே செய்நிரல் நூலகம். ஒருவர் எழுதியதைப் பல நாடுகளில் பலர் எடுத்துப் பயன்படுத்துவர். ஆகவே அதிலுள்ள ஒரு பிழை பல இடங்களுக்குப் பரவும்.

முதலில் மீற்றரைப் பாகையாக மாற்ற வேண்டும். எமது பகுதியில் வடக்கு தெற்காக ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீற்றர். கிழக்கு மேற்காக ஒரு பாகை சுமார் 109.9 கிலோமீற்றர். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். இதனால் இரண்டு திசைக்கும் ஒரே எண்ணால் பிரித்துவிடலாம் என்று எண்ணத் தோன்றும். வன்னியில் வைத்துச் சோதித்தால் விடையும் சரிபோலவே வரும்.

ஆனால் நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குகின்றன. தோடம்பழச் சுளைகள் நடுவில் அகன்று நுனியில் ஒடுங்குவதைப் போன்றது இது. இலண்டனில் கிழக்கு மேற்காக ஒரு பாகை சுமார் 69 கிலோமீற்றர்தான். வன்னிக்கு எழுதிய கணக்கை அங்கே பயன்படுத்தினால் முப்பது மீற்றர் பத்தொன்பது மீற்றராகச் சுருங்கிவிடும். ஒஸ்லோவில் அது பதினைந்து மீற்றரளவே. எனவே சார்பை எழுதுபவர் அகலக்கோட்டின் கோசைனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பள்ளியில் “இது எதற்கு?” என்று கேட்ட திரிகோண கணிதம் இங்கேதான் உதவுகிறது.

நெடுந்தூரத்திற்கு இதுவும் போதாது. பூமி முழு உருண்டையல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதற்கான கணக்கு முறையை வின்சென்ரி என்பவர் 1975 இல் வெளியிட்டார். 2013 இல் சார்ள்ஸ் கார்னி என்பவர் மேலும் துல்லியமான முறையை வெளியிட்டார். இன்று பல நூலகங்கள் இவற்றையே பயன்படுத்துகின்றன.

கணக்குச் சரியாக இருந்தாலும் சார்பின் அமைப்புப் பிழைத்தால் ஆபத்துத்தான். கவனிக்க வேண்டியவை சில.

ஒன்று, எண்களின் ஒழுங்கு. சில நூலகங்கள் அகலக்கோட்டை முதலில் கேட்கும், சில நெடுங்கோட்டை முதலில் கேட்கும். மாற்றிக் கொடுத்தால் புதுக்குடியிருப்பு நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால், வடதுருவக் கடலில் போய் நிற்கும்.

இரண்டு, அலகு. தூரம் மீற்றரா, அடியா, கிலோமீற்றரா என்பது சார்பின் பெயரிலேயே தெரிய வேண்டும்.

மூன்று, தசமம். நான்காம் தசமத்தில் ஓர் எண் மாறினால் இடம் 11 மீற்றரளவு நகரும். ஐந்தாம் தசமத்தில் அது ஒரு மீற்றரளவு. இடையில் எண்களை வெட்டக்கூடாது.

நான்கு, தொடக்கப் புள்ளியை மாற்றக்கூடாது. சார்பு புதிய புள்ளியைத் தனியாகத் தர வேண்டும். எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டுவிட்டு அடுத்த தூரத்தை அளக்க முடியுமா?

இதெல்லாம் எமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 2009 இல் போர் முடிந்தபின் எமது மண்ணில் மிதிவெடி அகற்றும் பணியில் பெண்கள் பலர் ஈடுபட்டனர். குடும்பத்தைத் தனியே தாங்கியவர்களும் அவர்களுள் இருந்தனர். ஓர் ஆபத்தான நிலத்தைப் பதியும்போது, எளிதில் அடையாளம் காணக்கூடிய நிலையான ஓரிடத்தை ஆதாரப் புள்ளியாகக் கொள்வர். அங்கிருந்து திசைக்கோணமும் தூரமும் அளந்து ஒவ்வொரு மூலையையும் குறிப்பர். அந்த அளவுகளை ஆள்கூறுகளாக மாற்றி வரைபடத்தில் ஏற்றுவது நாம் மேலே பார்த்த அதே கணக்குத்தான். திசைக்கோணத்தில் ஒரு பாகை தவறினால் நூறு மீற்றரில் ஒன்றே முக்கால் மீற்றர் விலகும். காலடி வைக்கும் நிலத்தில் அது சிறிய விலகலல்ல.

இன்னொரு சிக்கல் பழைய வரைபடங்களில் உண்டு. முன்னைய இலங்கை வரைபடங்கள் கண்டவல என்ற ஆதாரத்தைக் கொண்டவை. ஜி.பி.எஸ். கருவி தருவது உலகப் பொது ஆதாரத்தில். ஒன்றின் பாகைகளை மற்றொன்றில் அப்படியே குறித்தால் இடம் இருநூறு மீற்றரளவு விலகக்கூடும். பழைய இலங்கைக் கட்டமைப்பில் பீதுருதாலகால மலைக்கு 200,000, 200,000 என்று மீற்றர் எண்கள் கொடுத்திருந்தனர். நாட்டின் எந்த இடத்திற்கும் எதிர்க்குறி எண் வராதிருக்கவே இந்த ஏற்பாடு. 1999 ஆம் ஆண்டின் புதிய முறையில் அந்த எண்கள் 500,000 ஆயின. எனவே எண்ணைக் காண்பவர், அது எந்த முறையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

கணினியும் ஒரு வரம்புக்குட்பட்டதே. கைத்தொலைபேசி காட்டும் இடம் திறந்த வெளியிலேயே சில மீற்றர் பிழைக்கும். அடர்ந்த மரங்களின் கீழ் இன்னும் பிழைக்கும். தொடக்கப் புள்ளி பிழையென்றால் எந்தச் சார்பாலும் அதைத் திருத்த முடியாது. ஆகவே சகோதரிகளே, காணி எல்லைப் பிணக்கிற்குத் தொலைபேசி எண்ணை நம்பி வேலியைத் தள்ளிப் போடாதீர்கள். அனுமதி பெற்ற நில அளவையாளரின் வரைபடமே அதற்கு ஆதாரம். சந்தேகத்திற்குரிய பொருளொன்றைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, உரியவர்களுக்கு அறிவியுங்கள். ஆள்கூற்றை மட்டும் சொல்லாமல் அருகிலுள்ள கிணறு, மதகு, மரம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணினி பயிலும் மகள்மாருக்கு ஒரு பயிற்சி. தூரமும் திசையும் கொடுத்தால் புதிய புள்ளி தரும் சார்பை எழுதுங்கள். புதுக்குடியிருப்பில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒஸ்லோவிலும், நெடுங்கோடு 180 பாகையைத் தாண்டும் பிஜித் தீவுகளிலும் சோதியுங்கள். சொந்த ஊரில் சரியாக வந்த விடை எல்லா ஊருக்கும் சரியாகுமென்று எண்ணாதவரே நல்ல செய்நிரலாளர்.