எந்தச் சேனல் பார்க்கிறீர்கள்?



தேர்தல் நெருங்கினால் நம் பகுதி வீடுகளில் ரிமோட்டுக்குச் சண்டை அதிகமாகிவிடும். அப்பா ஒரு நியூஸ் சேனல் வைப்பார். "அது அவங்க கட்சி சேனல்ப்பா, அப்படித்தான் சொல்லுவான்" என்று மகன் மாற்றுவான். "நீ பாக்குற யூடியூப்காரன் மட்டும் ரொம்ப யோக்கியமோ?" என்று அப்பா திருப்பிக் கேட்பார். அம்பத்தூர் ஓ.டி.யில் டீக்கடை பெஞ்சிலும், ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலிலும் இதே வாக்குவாதம்தான்.

"எந்தச் சேனலைத்தான் சார் நம்புறது?" என்று நம் வாசகர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் செய்திக்கும் கட்சிக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததல்ல. 1937ல் கம்யூனிஸ்டுகள் 'ஜனசக்தி' தொடங்கினார்கள். 1942ல் கலைஞர் 'முரசொலி' தொடங்கினார். 1963ல் 'தீக்கதிர்' வந்தது. டி.வி. காலம் பிறந்ததும் அதே வழிதான். 1993ல் சன் டி.வி., 1999ல் ஜெயா டி.வி., 2006ல் மக்கள் தொலைக்காட்சி, 2007ல் கலைஞர் டி.வி., 2010ல் கேப்டன் டி.வி. எது யாருடையது என்று நம் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும்.

இன்னும் ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் பகுதியில் பல வீடுகளுக்குக் கலர் டி.வி. வந்தது 2006ல் தி.மு.க. அரசு கொண்டுவந்த இலவசத் திட்டத்தில். அந்த டி.வி.க்கு மாதம் 70 ரூபாயில் அரசு கேபிள் வந்தது 2011ல், அ.தி.மு.க. ஆட்சியில். பெட்டி ஒரு ஆட்சி தந்தது, அதில் ஓடும் கேபிள் இன்னொரு ஆட்சி தந்தது. அரசியல் நம் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்து வெகுகாலமாகிறது.

ஒரு பத்திரிகை ஒரு பக்கம் சாய்வதே பாவமா? நான் அப்படி நினைக்கவில்லை. 1882ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' தொடங்கியபோது நடுவில் நின்று வேடிக்கை பார்ப்பதற்காகத் தொடங்கவில்லை. பாரதியார் 'இந்தியா' பத்திரிகையில் எழுதியதும், பெரியார் 1925ல் 'குடி அரசு' தொடங்கியதும் தங்கள் கொள்கையை ஊரறியச் சொல்லத்தான். வாசலிலேயே கொடி கட்டிவிட்டு உள்ளே பேசுகிறவர்களால் நமக்குப் பெரிய ஆபத்து இல்லை. அவர்கள் சொல்வதில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. பொய்ச் செய்தி என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்ளும். வராத செய்தியை யார் போய்ப் பிடிப்பது?

நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். பூந்தமல்லியை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளிலும் வீடுகள் மூழ்கின. அதற்குப் பிறகு டி.வி.யில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு பக்கத்துச் சேனலில், "ஏரியைத் திடீரெனத் திறந்ததால் வந்த வெள்ளம்." மறுபக்கத்துச் சேனலில், "வரலாறு காணாத மழை, யார் என்ன செய்ய முடியும்?" வாரக்கணக்கில் இதே பேச்சு. இது மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்று சொன்ன இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018ல்.

யார் குற்றவாளி என்று கேட்க வேண்டியதுதான். ஆனால் அன்று இரவு ஆற்றோரத்தில் இருந்த குடும்பத்துக்கு வேண்டியிருந்தது வேறு. எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்? எவ்வளவு திறக்கிறார்கள்? தண்ணீர் எந்தெந்த ஊர் வழியாகப் போகும்? பிள்ளைகளையும் பெரியவர்களையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு எங்கே போவது? இந்த நாலு கேள்விக்குப் பதில் பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது தண்ணீர்தான்.

ஐந்து வருடம் கழித்து, 2020 நவம்பர் 25. நிவர் புயல். ஏரி 22 அடியைத் தொட்டதும் பகல் 12 மணிக்கு 1,000 கன அடி திறக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர்ப்பெயர்கள் டி.வி.யின் அடிவரியில் ஓடிக்கொண்டே இருந்தன. எல்லாக் கட்சிச் சேனல்களிலும் ஓடின. நேரம், அளவு, ஊர்ப்பெயர். சேனல் யாருடையதாக இருந்தாலும் அந்த அடிவரி எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல உதவியது. செய்தி என்றால் அதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பழையபடி ஆகிவிட்டது. "4,000 கோடி ரூபாய் மழைநீர் வடிகால் பணம் எங்கே போனது?" என்று ஒரு பக்கம். "அந்த வேலை நடந்ததால்தான் இந்த அளவோடு தப்பித்தோம்" என்று மறுபக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறு தொழிற்கூடங்களுக்குள் தண்ணீர் நின்றது. லேத் மெஷின் மோட்டார் முழுகிப்போன ஒரு சிறு முதலாளிக்கு அன்று தெரிய வேண்டியது என்ன? கரண்ட் எப்போது வரும், இன்சூரன்ஸுக்கு என்னென்ன போட்டோ எடுத்து வைக்க வேண்டும், பேங்க் தவணைக்கு அவகாசம் உண்டா. இரவு எட்டு மணி விவாதத்தில் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். இந்தக் கேள்விகளுக்கு அங்கே நாற்காலி போடவில்லை.

ஆவடிக்காரர்களுக்கு இன்னொரு அனுபவம் உண்டு. 2021 அக்டோபர் 1ஆம் தேதி நாடு முழுவதும் இருந்த 41 பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளை மத்திய அரசு ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது. நம் டேங்க் ஃபேக்டரி எச்.வி.எஃப்., ஏ.வி.என்.எல். என்ற கம்பெனிக்குள் போனது. அதற்கு முன்பே வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டமும் வந்துவிட்டது. ஒரு தரப்பு ஊடகம் இதைச் சீர்திருத்தம் என்று கொண்டாடியது, இன்னொரு தரப்பு தனியாருக்குத் தாரை வார்ப்பது என்றது. குவார்ட்டர்ஸில் குடியிருந்த குடும்பம் கேட்டதோ, "பென்ஷன் என்ன ஆகும்? குவார்ட்டர்ஸ் இருக்குமா? பையனுக்கு அப்ரண்டிஸ் கிடைக்குமா?" இதற்கெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து விளக்கம் தந்த நிகழ்ச்சிகள் எத்தனை? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் சேனல்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. உண்மையைச் சொல்ல நினைக்கிறவருக்கு எல்லா ஆட்சியிலும் சோதனைதான். 1987ல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் ஜெயிலுக்கு அனுப்பியது. 2003ல் 'தி இந்து' பத்திரிகையாளர்களுக்கும் 'முரசொலி' செல்வத்துக்கும் 15 நாள் தண்டனை விதித்தது. சுப்ரீம் கோர்ட் தலையிட்டு நிறுத்தியது. 2018ல் கோவையில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காக 'புதிய தலைமுறை' மீது போலீஸ் வழக்குப் போட்டது. 2025ல், ஆட்சி மாறிய பிறகு, அதே சேனல் அரசு கேபிளில் தெரியவில்லை என்ற புகார் எழுந்தது. அதே 2025ல் ஒரு கார்ட்டூனுக்காக 'விகடன்' இணையதளத்தை மத்திய அரசு முடக்கியது. ஹைகோர்ட் உத்தரவுக்குப் பிறகே திறந்தது. இந்தப் பட்டியலில் எந்தக் கட்சிக்காரர் பெருமைப்பட முடியும்?

ஆட்சியில் இருப்பவர்கள் விளம்பரமும் தருவார்கள், வழக்கும் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் நிருபர் வேலை பார்க்கிறார். நாம் மாதச் சந்தாவாகக் கொடுக்கும் பணம் ஒரு நியூஸ் சேனலை நடத்தப் போதாது. மீதிப் பணம் எங்கிருந்தோ வருகிறது. கொடுப்பவர் மனம் கோணாமல் இருக்க, சில செய்திகள் வராமலே போகின்றன. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

முன்பெல்லாம் ஒரு வசதி இருந்தது. வீட்டுக்கு ஒரே டி.வி. பிடிக்காத சேனலாக இருந்தாலும் அப்பா வைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் சொல்வதும் நம் காதில் விழுந்தது. சலூனிலும் டீக்கடையிலும் நாலு பேப்பர் கிடந்தன. இப்போது ஆளுக்கு ஒரு போன். நாம் எதை ரசிக்கிறோமோ அதையே போன் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து காட்டுகிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அப்பாவும் மகனும் வேறு வேறு தமிழ்நாட்டில் வாழ்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டுக்கோ சொந்தக்காரரே கிடையாது. கட்சிச் சேனலுக்காவது முகவரி இருக்கிறது.

சரி, குடும்பமாக நாம் என்ன செய்யலாம்?

கத்திரிக்காய் வாங்கவே நாலு கடையில் விலை கேட்கிறவர்கள் நாம். முக்கியமான ஒரு செய்தியை இரண்டு இடத்தில் கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதா? உங்களுக்குப் பிடித்த சேனலைப் பாருங்கள். கூடவே பிடிக்காத சேனலையும் பாருங்கள். இரண்டிலும் வந்த விஷயம் பெரும்பாலும் நடந்ததாக இருக்கும். ஒன்றில் மட்டும் வந்தால், மற்றது ஏன் விட்டது என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் முக்கியம்.

அடுத்தது, செய்தியில் தேதி, இடம், அளவு, சம்பந்தப்பட்டவரின் பதில் இவை நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "அதிர்ச்சி", "பரபரப்பு", "கிழித்துத் தொங்கவிட்டார்" என்ற சொற்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒன்றும் மிஞ்சாவிட்டால் அதை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். இதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். ஓட்டுப்போடும் வயது வருவதற்குள் இந்தப் பழக்கம் வந்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, தப்பைக் கண்டால் எழுத்தில் கேளுங்கள். 2021ல் திருத்தப்பட்ட கேபிள் டி.வி. விதிகளின்படி, ஒளிபரப்பைப் பற்றி நீங்கள் அனுப்பும் புகாருக்குச் சேனல் 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதலாம், சரிவராவிட்டால் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். டி.வி.யைப் பார்த்துத் திட்டுவதால் ரத்த அழுத்தம்தான் ஏறும். ஒரு மின்னஞ்சலுக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசியாக, வீட்டுக்குள் கொஞ்சம் பொறுமை. மாமனார் ஒரு கட்சி, மருமகள் இன்னொரு கட்சி என்று இருப்பதில் தப்பில்லை. "உங்க சேனல் பொய்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "எங்க சேனல்ல இது வரல மாமா, உங்களுதுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்குமே தெரியாத ஒரு விஷயம் அன்று வெளியே வரும். நூறு சதவீதம் நடுநிலையான சேனல் கிடைக்கும் என்று காத்திருப்பதைவிட, இப்படிக் கேட்டுப் பழகிய வீடாக நம் வீட்டை மாற்றுவது சுலபம். அந்த மாதிரி வீடுகள் பெருகினால் சேனல்களும் மாறித்தான் தீரும். பார்ப்பவர் கேட்கத் தொடங்கினால் காட்டுபவர் எத்தனை நாளைக்குச் சொல்லாமல் விட முடியும்?

நான் சொன்ன அளவுகோல்களை நம் இதழுக்கும் வையுங்கள். காசு வாங்கிப் போடுவது விளம்பரம் என்ற தலைப்பில்தான் வரும். ஒரு கவுன்சிலரைப் பற்றிப் புகார் வந்தால் அவர் பதிலும் பக்கத்திலேயே வரும். இதில் எங்காவது பிசகினால் உரிமையோடு கேளுங்கள்.

உங்களிடம் ஒரு வேலையும் ஒப்படைக்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் நகரில் நடந்து, எந்தச் சேனலிலும் எந்தப் பேப்பரிலும் வராமல் போன ஒரு விஷயத்தை எழுதி அனுப்புங்கள். வடிகாலோ, பட்டாவோ, பள்ளிக்கூடமோ, பஸ்ஸோ, எதுவாகவும் இருக்கலாம். தேதி, இடம், அளவு, யாரிடம் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள் என்ற விவரங்களோடு ஒரு பக்கம் போதும். விசாரித்து, இரு தரப்பையும் கேட்டு, அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்க மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்