பக்கெற்றில் இருந்த எண்



போன மாதம் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகும் ஓர் அக்கா மட்டும் வாங்கில் இருந்தார். 2009இல் கணவரை இழந்தவர். ஆறு வருடமாகச் சலரோகமும் இருக்கிறது. பையிலிருந்து பச்சைப் பக்கெற் ஒன்றை எடுத்து, "பிள்ளை, இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

முருங்கையிலைத் தூள். 100 கிராம் 4,500 ரூபா. முகப்பில் பெரிதாக ஓர் ஐந்து இலக்க எண். பக்கத்தில் 'ஓராக் அன்ரிஒக்சிடன்ற் சக்தி' என்று எழுதியிருந்தது. எண் கூடக் கூட நோய் குறையும் என்று விற்றவர் சொன்னாராம். அதை நம்பி, கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் குளிசையை அக்கா இரண்டு மாதமாக நிறுத்தியிருக்கிறார். தூள் வாங்கியது சீட்டுக் காசில்.

நான் படித்தது சமூகவியல். எனது விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. எண்ணைக் கண்டால் எனக்கும் கொஞ்சம் பயம்தான். அதனால் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சிநேகிதியிடம் போனேன்.

அவள் ஒரு குழாயைக் காட்டினாள். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரவம். டி.பி.பி.எச். என்ற இரசாயனமாம். அதற்குள் இலைச்சாற்றைச் சில துளி விட்டாள். ஊதா மெல்ல மெல்ல மங்கி மஞ்சளாகியது. அரை மணித்தியாலத்தில் நிறம் எவ்வளவு மங்கியது என்று கருவியில் பார்ப்பார்கள். ஓராக் முறை வேறு. ஒளிரும் சாயம் ஒன்றின் ஒளியை மங்கச் செய்யும் பொருளைச் சேர்த்து, உணவின் சாறு அந்த மங்கலை எவ்வளவு நேரம் தள்ளிப்போடுகிறது என்று அளப்பார்கள். பிறகு விற்றமின் ஈ போன்ற ட்ரொலொக்ஸ் என்ற பொருளோடு ஒப்பிட்டு எண் போடுவார்கள். ஒரே இலைக்கு முறைக்கொரு எண் வரும். ஒன்றை மற்றதோடு ஒப்பிடவும் முடியாது.

"இதெல்லாம் குழாய்க்குள்ள நடக்கிற விஷயம். குழாய்க்குக் குடலும் இல்லை, ஈரலும் இல்லை" என்றாள் சிநேகிதி. நாம் சாப்பிடும் இந்தப் பொருட்களில் கொஞ்சம்தான் இரத்தத்தில் சேர்கிறதாம். அதுவும் உருமாறித்தான் சேர்கிறதாம்.

தூளின் எண் ஏன் அவ்வளவு பெரிது என்றும் கேட்டேன். சிரித்துவிட்டாள். பச்சை முருங்கையிலையில் முக்கால் பங்கு நீர். காய வைத்தால் நீர் போய்விடும், 100 கிராமுக்கான எண் தானாக ஏறும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2010இல் வெளியிட்ட பட்டியலில் கராம்புத் தூளுக்கு 2,90,283 என்று இருந்தது. 100 கிராம் கராம்பை யார் சாப்பிடுவது? அந்தப் பட்டியலையே திணைக்களம் 2012இல் எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பில்லை என்றும், கம்பனிகள் அவற்றை விளம்பரத்துக்குத் தவறாகப் பாவிக்கின்றன என்றும் காரணம் சொன்னது. அது நடந்து எத்தனையோ வருடம். எண் மட்டும் இன்னும் எங்கள் ஊர் பக்கெற்றில் இருக்கிறது.

பின்லாந்தில் 29,000க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் செய்த ஆய்வைப் பற்றியும் சொன்னாள். முடிவு 1994இல் வந்தது. பீற்றா கரோட்டின் என்ற அன்ரிஒக்சிடன்ற் குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது.

முருங்கையிலை கூடாது என்று நான் சொல்லவரவில்லை. வறையும் சொதியும் நல்ல சாப்பாடுதான். அக்காவின் வளவிலேயே முருங்கை நிற்கிறது, மீள்குடியேறிய வருடம் அவரே நட்டது. ஆனால் சலரோகக் குளிசையின் வேலையை அந்த இலை செய்யாது.

இதை அவரிடம் சொன்னபோது கோபிக்கவில்லை. "அப்ப அந்தப் பிள்ளையிட்ட என்னெண்டு சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். விற்றவரும் எங்கள் சங்கத்துப் பெண்தான். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறார். நுண்கடன் எடுத்து 20 பக்கெற் வாங்கி வைத்திருக்கிறார். அவரை ஏமாற்றியவர் யாரோ மேலே இருக்கிறார், தொலைபேசி இலக்கம்கூட வேலை செய்வதில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு அக்காவோடு நானும் போனேன். சீனி 310 இருந்தது. குளிசையைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். மிச்சப் பக்கெற்றுகளைத் திருப்பி எடுக்கச் சொல்லி அந்தக் கம்பனிக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.