தாயையும் சிசுவையும் பிரிக்காத துக்க சிகிச்சை: எமது சங்கத்தின் நிலைப்பாடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளிலும் திருவள்ளூர் வட்டாரத்துச் செங்கற்சூளைகளிலும், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஜீவனம் தேடி வந்து உழைக்கின்ற ஒருவன் விபத்தில் மாண்டுபோனால், பிரேதப் பரிசோதனை, நஷ்ட ஈடு, சடலத்தைச் சொந்த ஊருக்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் முடிந்த மாத்திரத்தில் தங்கள் கடமை தீர்ந்ததென்று அரசாங்கமும் ஆலை நிர்வாகமும் எண்ணிவிடுவது, அவன் மனைவி கர்ப்பிணியாகவோ கைக்குழந்தையோடோ இருக்கும்பட்சத்தில், இரண்டு ஜீவன்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பது எமது சங்கத்தின் திடமான அபிப்பிராயம்.

பேச்சறியாத சிசுவுக்குத் துக்கம் ஏது என்பார்கள். ஆனால் தாயின் முகத்தைப் பார்த்தே உலகத்தை அறிகின்ற அக்குழந்தை, அதிர்ச்சியில் உறைந்துபோன அம்முகத்திலிருந்து மறுமொழி வராதபோது, முதலில் அழுது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசியில் அழுவதையே விட்டுவிடுகிறது. உறவினரோ அதைச் சமர்த்துக் குழந்தை என்று மெச்சுகிறார்கள். வயிற்றில் இருக்கும்போதே தந்தையை இழந்ததாயின், ‘அப்பனை முழுங்கிப் பிறந்தது’ என்ற கொடுஞ்சொல்லும் அத்தாயின் காதில் விழாமல் இராது.

2001 செப்டம்பர் 11க்குப் பின் நியூயார்க்கில், கர்ப்பவதிகளாக இருந்தபோதே கணவரை இழந்த ஸ்திரீகளுக்காக, பியாட்ரிஸ் பீபீ முதலிய மனச்சிகிச்சையாளர்கள் ஊதியமின்றிப் பல்லாண்டுகள் பணியாற்றினார்கள். தாயும் சிசுவும் எதிரெதிரே விளையாடுவதைப் படம்பிடித்து, அதைத் தாயோடு அமர்ந்து பார்த்து, குழந்தை அவளை நாடுகின்ற கணங்களை அவளுக்கே காட்டிய முறை அவர்களுடையது. நம் ஜில்லாவிலும் 2014 ஜூலையில் அலமாதி அருகே உப்பரபாளையத்தில் கிடங்குச் சுவர் சரிந்து, அதையொட்டிய குடிசைகளில் உறங்கியவர்களில் 11 பேர் மாண்டனர். அத்தகைய துயரங்களுக்குப் பிறகாவது இப்படியொரு ஏற்பாடு இங்கே நிரந்தரமாக வேரூன்றியிருக்க வேண்டும்.

சட்டம் இதற்கு விரோதமன்று. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாதென்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது. ஆயினும் தொலைபேசிக்குக் குழந்தையின் முகம் தெரியாது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தடுப்பூசி போடுகின்ற கிராம சுகாதார செவிலியருக்கோ இருவர் முகமும் தெரியும். அவருக்குத் தக்க பயிற்சி தந்து, பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வை அறிய எடின்பரோவில் வகுக்கப்பட்ட பத்துக் கேள்விகளைத் தமிழில் மட்டுமன்றி ஒரியாவிலும் இந்தியிலும் தெலுங்கிலும் அவர் கையில் கொடுக்கவேண்டும்.

விதவை சில தினங்களிலேயே ஊர் திரும்பிவிடுவாளே, பின் எப்படிக் கவனிப்பது என்று கேட்பவர்களுக்கு எமது பதில் இது: இ.எஸ்.ஐ. திட்டத்தின் சார்ந்தோர் உதவித்தொகை அவள் எந்த ஊரில் இருந்தாலும் மாதந்தோறும் போய்ச் சேரத்தானே வேண்டும். பணம் போகின்ற வழியில் பராமரிப்பும் போகலாம். ஆகவே இறப்பு நேர்ந்த வாரத்திலேயே அவள் பாஷை பேசுகின்ற ஒரு பெண் ஆலோசகர் அவளைச் சந்திக்கவேண்டும். ஊர் திரும்பினால் அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஜில்லா மனநலத் திட்ட அதிகாரி எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். காப்பீட்டில் பதியாத ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பமாயினும், குழந்தைக்கு மூன்று வயது நிறையும்வரை ஆகின்ற சிகிச்சைச் செலவை, நஷ்ட ஈட்டில் கழிக்காமல், ஆலை நிர்வாகமே ஏற்கவேண்டும்.