தீ வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

அசோக் நகர் தூணின் அருகே நின்று நாலு பக்கமும் பாருங்கள். எங்கும் மாடிக் கட்டிடங்கள். கீழே மருந்துக் கடை. முதல் மாடியில் ஆடிட்டர் அலுவலகம். இரண்டாம் மாடியில் டியூஷன் சென்டர். அதற்கும் மேலே தையல் வேலை நடக்கிறது. காலையில் ஏறியவர்கள் இரவில்தான் இறங்குகிறார்கள்.

இத்தனை பேருக்கும் பல கட்டிடங்களில் ஒரே படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டின் அடியில்தான் மின்சார மீட்டர் பெட்டி இருக்கிறது. அதை ஒட்டி ஸ்கூட்டர்கள். சில இடங்களில் பேட்டரி ஸ்கூட்டருக்கு அங்கேயே சார்ஜும் ஏறுகிறது. படியோரம் அட்டைப் பெட்டிகள். "நாளைக்கு எடுத்துவிடுகிறோம்" என்பார்கள். அந்த நாளை வருவதே இல்லை!

தீ எங்கே பிடிக்கும்? பெரும்பாலும் மீட்டர் பெட்டியில். புகை எங்கே போகும்? படிக்கட்டு வழியாக மேலே. ஆட்கள் எங்கே ஓடி வருவார்கள்? அதே படிக்கட்டுக்கு!

விடிவதற்குள் பிடித்த தீ

பக்கத்துத் தியாகராய நகரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017 மே 31. விடியும் முன்பே உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் துணிக்கடையில் தீப்பிடித்தது. கட்டிடமோ ஏழு மாடி. உள்ளே மலை மலையாகத் துணி. புகை வெளியேற வழி இல்லை. தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழைய முடியாமல் திணறினார்கள். மேல் மாடியில் இருந்த ஊழியர்களைப் பத்திரமாகக் கீழே இறக்கினார்கள். தீ மட்டும் அடங்கவில்லை. ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. மறுநாள் விடியற்காலையில் கட்டிடத்தின் ஒரு பகுதி பொலபொலவென்று சரிந்து விழுந்தது. மிச்சத்தையும் பிறகு இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

கடை திறந்திருக்கவில்லை. அதனால் ஜனங்கள் பிழைத்தார்கள். அதே தீ தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிடித்திருந்தால்? கைக்குழந்தையோடு ஐந்தாம் மாடியில் புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு யார் வழி காட்டியிருப்பார்கள்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அந்த வட்டாரத்துக்கு அது முதல் தீயும் அல்ல. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை எரிந்தது. ஊழியர்கள் இரண்டு பேர் மாண்டார்கள்.

ஒவ்வொரு தீக்குப் பிறகும் பேச்சு எழும். சோதனை நடக்கும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் கருகியபோது நாடே அழுதது. பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் குழந்தைகள் இறங்க முடியாமல் நெருக்கியடித்த குறுகிய படிக்கட்டு? அதைப் பற்றிக் கூரை அளவுக்கு யாரும் பேசவில்லை.

பொட்டு வைத்த சிலிண்டர்

"எங்கள் கடையில் தீயணைக்கும் கருவி இருக்கிறதே!" என்று முதலாளி சொல்வார். இருக்கிறது. சிவப்பு சிலிண்டர் சுவரில் தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். மறு வருடம் பூஜை வரைக்கும் அதை யாரும் தொடுவதில்லை. முள் பச்சையில் நிற்கிறதா, சிவப்பில் நிற்கிறதா என்று பார்ப்பதில்லை. முதலில் ஊசியைப் பிடுங்க வேண்டும், தீயின் அடிப்பாகத்தில் அடிக்க வேண்டும் என்பது அங்கே வேலை செய்யும் பையனுக்குத் தெரியாது. சின்ன சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் அவன் என்ன, நோட்டீஸா படிப்பான்?

கருவி வாங்குவது சுலபம். பணம் கொடுத்தால் வந்துவிடும். பழக்கம் அப்படி வராது.

அமெரிக்காவில் ரிக் ரெஸ்கோர்லா என்று ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் இருந்தவர். நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் மார்கன் ஸ்டான்லி கம்பெனிக்குப் பாதுகாப்பு அதிகாரி. 1993இல் அங்கே வெடிகுண்டு வெடித்த பிறகு, ஊழியர்கள் அத்தனை பேரையும் அடிக்கடி படிக்கட்டு வழியாக இறங்கிப் பழகச் சொன்னார். லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கும் அதிகாரிகள் முணுமுணுத்தார்கள். அவர் விடவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று பக்கத்துக் கோபுரத்தில் விமானம் மோதியது. "அவரவர் இடத்திலேயே இருங்கள்" என்று ஒலிபெருக்கி சொன்னது. அவர் கேட்கவில்லை. எல்லோரையும் இறக்கினார். சுமார் 2,700 பேரில் ஒரு சிலரைத் தவிர அனைவரும் தப்பினார்கள். மிச்சம் இருப்பவர்களைத் தேடி மறுபடி மேலே ஏறியவர் திரும்பவில்லை.

அவர் செய்த காரியத்துக்குப் புது இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. இறங்கிப் பழகினார்கள். அவ்வளவுதான்.

நம்மூர் முதலாளிகளிடம் இதைச் சொன்னால், "நல்ல நாளும் அதுவுமாக நெருப்பு என்று பேசுவதா?" என்று காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் உண்டு. வியாபாரம் கெடும் என்பவர்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கடை திறப்பதற்கு முன்னால் பத்தே நிமிடம். இதில் என்ன வியாபாரம் கெட்டுவிடும்?

அசோக் நகரில் 2024 வரை உதயம் தியேட்டர் இருந்தது. எந்தத் தியேட்டரிலும் விளக்கை அணைத்த பிறகும் வெளியே போகும் வழிக்கு மேலே ஒரு விளக்கு எரியும். இரண்டரை மணி நேரம் உட்காருகிறவனுக்கு அந்த மரியாதை! பன்னிரண்டு மணி நேரம் நின்று துணி மடிக்கும் பெண்ணுக்கு வழி காட்ட எத்தனை கடைகளில் விளக்கு எரிகிறது? 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, தீப்பிடித்தால் தப்பும் வழியைத் தொழிலாளிக்குத் தெரிவித்துப் பழக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எழுதினார்கள், சரி.

முதலாளி செய்யட்டும் என்று வேலைக்குப் போகிறவர்கள் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே பார்க்கலாம். இரண்டாவது வழி இருக்கிறதா? அதன் கதவு திறக்கிறதா? புகை மேலே ஏறும், அதனால் குனிந்து, தவழ்ந்து போக வேண்டும். லிப்டில் ஏறவே கூடாது. 101 அல்லது 112க்குப் போன் போட வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்கலாம். டியூஷனுக்கு அவர்களும் அந்தப் படியில்தானே ஏறுகிறார்கள்?

கீழே புகை சூழ்ந்துவிட்டால் மிஞ்சுவது மொட்டை மாடிதான். திருட்டுப் பயத்தால் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் வாட்ச்மேனிடம் என்கிறார்கள். வாட்ச்மேன் எங்கே? ஊருக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை வருவாராம்.