‘ஒரிஜினல்தானா?’

சில ஆண்டுகளுக்கு முன் கோவைப் பக்கம் நடந்த ஒரு பழைய கார் அணிவகுப்பில், நடுவராக வந்தவர் என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து, கையிலிருந்த தாளில் ஏதோ கிறுக்கினார். “பின் ஆக்ஸில் ஒரிஜினல் இல்லையே. எந்த மடையன் இதை மாத்தினான்?” என்றார்.

அந்த மடையன் என் அப்பா. சபையில் சண்டை வேண்டாமென்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று சொல்லத் தோன்றுகிறது.

நான் கொழிஞ்சாம்பாறையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பிறந்தது தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில். அப்பா அந்த எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். என் காரின் ஆர்.சி. புத்தகத்தில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. 1966-இல் புதிதாக வாங்கிய எஸ்டேட் டாக்டர். அவரிடமிருந்து வாங்கிய பூப்பாறை ஏலத்தோட்டக்காரர். 1979-இல் என் அப்பா. அவருக்குப் பின் நான். வண்டி மலையை விட்டு இறங்காமலே வளர்ந்தாலும் பதிவு என்னவோ கோட்டயத்தில்தான். இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரியில்தானே பிறந்தது!

பழைய காரின் வரலாறு என்றால் எல்லோரும் கேட்பது இந்த நான்கு பெயர்களைத்தான். மகாராஜா வைத்திருந்தாரா, வெள்ளைக்கார துரை வைத்திருந்தாரா என்று கேட்டு விலையை ஏற்றுவார்கள். தரையைத் துரு தின்ற இடத்தில் மண்ணெண்ணெய் பேரலை வெட்டித் தகடு அடித்த பொள்ளாச்சி டிங்கர், ஒழுகிய ரேடியேட்டருக்கு ஈயம் வைத்த சித்தூர்க்காரர், டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிய எலக்ட்ரீஷியன், கிடைக்காத புஷ்ஷைப் பித்தளையில் கடைந்து கொடுத்த கோவை லேத்காரர், இவர்களில் ஒருவர்கூட எந்தப் புத்தகத்திலும் இல்லை. கார் 50 வருஷம் ஓடியது யாரால்? கையெழுத்துப் போட்டவர்களாலா, கையில் கிரீஸ் பூசிக்கொண்டவர்களாலா?

இந்த ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய கார் என்றாலே நம் நினைவுக்கு வருவது அம்பாசடரும் ஃபியட்டும். மூன்றாவதாக, நம்மூரிலேயே பிறந்தது ஒன்று உண்டு. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் அதற்கு ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று பெயர். 948 சி.சி. எஞ்சின். வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. மட்காட்டோடு சேர்ந்த பானெட் முழுவதும் முதலை வாய் போல முன்னால் சாயும். எஞ்சினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அப்பாவுக்கு இந்தக் காரைப் பிடித்துப் போனதற்கு முதல் காரணம் அதுதான். “டாக்டருக்கு வசதியா ஒரு காரு செஞ்சிருக்கான் பாரு” என்பார். அவர் சொன்ன டாக்டர், கார் டாக்டர்.

அந்தக் காலத்துப் புதிய கார்கள் பெரும்பாலும் ஒரே கூடாகச் செய்யப்பட்டு வந்தபோது, ஹெரால்டு தனிச் சேஸிஸ் மேல் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கிய வண்டி. கார் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனி 1953-இல் போட்டிக்காரரான பி.எம்.சி. கைக்குப் போய்விட்டதால், கோவென்ட்ரிக்காரர்களுக்கு வேறு வழியில்லை. இல்லாமையிலிருந்து பிறந்த வடிவம். அதனாலேயே பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத நாடுகளிலும் அதைச் செய்ய முடிந்தது. ஒரு தகடு போனால் அதை மட்டும் கழற்றி மாற்றவும் முடிந்தது.

இதே சேஸிஸைக் குட்டையாக வெட்டி, அதன் மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை மிக்கெலோட்டி வரைந்தார். கம்பெனியில் பணமில்லை; மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் தூசித் துணிக்கு அடியில் கிடந்தது. 1961-இல் லேலண்டு நிறுவனம் ட்ரையம்ஃபை வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி துணியைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த ஆண்டே அது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானத்தின் பெயர். 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்று உலகெங்கும் ரசிகர்கள் போற்றும் அந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், என் ஹெரால்டின் கூடப் பிறந்த தங்கை. முடி வெட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போனவள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே குறைதான். பின் ஆக்ஸில். நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி சேஸிஸோடு நிற்க, இரு பக்கமும் அரை ஆக்ஸில்கள் சிறகு போல மேலும் கீழும் அசையும். மேடு பள்ளத்தில் சுகமாக இருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பி, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் ஆபத்து. பின்பக்கம் எழும்பி, வெளிப்புறச் சக்கரம் கொக்கின் கால் போல உள்ளே மடங்கும்; வண்டி வழுக்கும். போதாதற்கு, பாரம் ஏற்றி நம் ரோட்டில் ஓட்டினால் அரை ஆக்ஸில் முறிந்துபோகும்.

எங்களுக்கு அது 1981-இல் நடந்தது. பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு ஒரு கல்யாணத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவொன்றில் ‘டப்’ என்று சத்தம். பின் சக்கரம் ஒன்று ஆக்ஸில் துண்டோடு கழன்று பள்ளத்தில் உருண்டது. கார் தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றது. அம்மா மடியில் தம்பி. யாருக்கும் கீறலில்லை. பின்னால் வந்த லாரியில் எங்களை ஏற்றிவிட்டுத் தனியாக நின்ற அப்பா, இரண்டாம் நாள்தான் வண்டியை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வந்ததும் சொன்னார்: “இந்த ஆக்ஸிலு மலைக்கு ஆகாது. இனி புள்ளைகள இதுல ஏத்த மாட்டேன்.” கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, விபத்தில் நொறுங்கிய ஒரு கெசல் காரின் (ஹெரால்டுக்குப் பின் வண்டலூரிலேயே வந்த மாடல்) பின் ஆக்ஸிலை வாங்கி வந்தார். இரு சக்கரங்களையும் ஒரே இரும்புக் குழாய்க்குள் பிணைக்கும் கெட்டியான ஆக்ஸில். குறுக்கே கிடந்த ஒற்றை வில் பட்டையை எடுத்துவிட்டு, நெடுக்காக இரண்டு பட்டைகள் வைத்து, சேஸிஸில் பிராக்கெட் பற்றவைத்தார். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. முடித்ததும் பிராக்கெட்டில் பஞ்ச் வைத்து ‘81’ என்று அடித்தார். அதற்குப் பின் அந்தக் கார் எங்களை எந்த வளைவிலும் கைவிட்டதில்லை.

இப்போது நடுவரின் டார்ச்சுக்கு வருவோம். அந்தக் குறையைத் திருத்தியவர் அப்பா ஒருவர்தானா? 1970-இல் வந்த நான்காம் வகை ஸ்பிட்ஃபயரில் கோவென்ட்ரிக்காரர்களே பின் வில் பட்டையின் அமைப்பை மாற்றி, சக்கரம் மடங்குவதைக் குறைத்தார்கள். 1972-இல் ஹெரால்டின் சேஸிஸ் மேலேயே அந்தக் கெசல் காரைச் செய்த வண்டலூர்க்காரர்கள் சிறகு ஆக்ஸிலையே தூக்கி எறிந்துவிட்டு, முழு ஆக்ஸில் போட்டார்கள். இந்திய மெக்கானிக்குகளும் வாங்குபவர்களும் பழையதை நம்பவில்லை என்பதே காரணம். ஆக, ஒரே நோய்க்கு மூன்று வைத்தியம். கோவென்ட்ரி செய்தால் அது முன்னேற்றம். வண்டலூர் செய்தால் அது புது மாடல். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் ஒரு தமிழ் ஃபிட்டர் செய்தால் மட்டும் அது ‘ஆல்டரேஷன்’, ஐந்து மார்க் கட்!

ஒரு நடுவரின் வாய்த்துடுக்கு என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் சட்டமும் அதையே சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்கென்று மோட்டார் வாகன விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தது. 50 ஆண்டைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 ஆண்டு செல்லும். புது எண்களில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டில் இறக்கலாம். பழைய வண்டிகளுக்கு ஒரு தனி இடம் கொடுத்ததற்கு நன்றிதான். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. காற்று மழை படாமல் கொட்டகையில் தூங்கிய காருக்கு இந்த நிபந்தனை சுலபம். நம்மூரில் அப்படித் தூங்க வைக்க யாரால் முடிந்தது? அரண்மனைக்காரர்களால். பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் ஏலக்காய் மூட்டைக்கும் ஓடிய கார், மாறாமல் எப்படி ஓடியிருக்கும்? இறக்குமதிக்குப் பூட்டுப் போட்டிருந்த காலத்தில், கிடைத்ததை வைத்துத்தானே வண்டிகள் உயிர் பிழைத்தன?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். கதவைத் திறந்துவிட்டால், நேற்று ஒட்டுப்போட்ட வண்டிக்குப் பழைய நம்பரை மாட்டிக்கொண்டு வின்டேஜ் என்று விற்பார்கள். உண்மை, அப்படிப்பட்ட ஏமாற்று எல்லா ஊரிலும் உண்டு. தொழிற்சாலையை விட்டு வந்த நிலையிலேயே சில வண்டிகளைக் காக்க வேண்டும் என்பதும் சரி. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் நடத்தும் ஜீடி கார் அருங்காட்சியகம் அதற்குத்தான் இருக்கிறது. ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். நான் கேட்பது கதவை அகலத் திறக்க அல்ல. பொய்யையும் மராமத்தையும் பிரித்துப் பார்க்க.

அது முடியாத காரியமல்ல. ஹெரால்டு பிறந்த இங்கிலாந்தையே பாருங்கள். அங்கே 40 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2018 முதல் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று அவர்களும்தான் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ஆனால் எது பெரிய மாற்றம் ஆகாது என்பதையும் கூடவே எழுதி வைத்திருக்கிறார்கள். அசல் உதிரிபாகம் கிடைக்காததால் வண்டியைக் காக்கச் செய்த மாற்றம் ஆகாது. அந்த மாடல் தயாரிப்பில் இருந்தபோதோ, நின்று 10 ஆண்டுக்குள்ளோ வழக்கமாகச் செய்யப்பட்ட மாற்றம் ஆகாது. பாதுகாப்புக்காக ஆக்ஸிலில் செய்த மாற்றமும் ஆகாது. என் அப்பாவின் வேலை அவர்கள் ஊரில் சுலபமாகப் பாஸாகியிருக்கும். வெள்ளைக்காரன் மன்னித்துவிடும் குற்றத்துக்கு நாம் ஏன் தண்டனை கொடுக்க வேண்டும்?

ஆகவே இரண்டு கோரிக்கைகள். ஒன்று, அந்த மூன்று விலக்குகளையும் நம் விதியிலும் சேர்க்க வேண்டும். இரண்டு, வின்டேஜ் விண்ணப்பத்தில் மராமத்துக்கென்று ஒரு பக்கம் வேண்டும்: எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன வேலை, யார் செய்தது. மறைத்தால்தான் அது மோசடி. எழுதி வைத்தால் அது வரலாறு. அணிவகுப்பு நடத்துபவர்களும் டார்ச்சோடு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். மாற்றத்தைக் கண்டதும் மார்க் குறைப்பதற்குமுன், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கட்டும்.

மூணாறு மலையில் மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுகிறவர்களின் பிள்ளைகளிடம் இன்றும் ஊருக்குள் ஒரு கேள்வி வரும்: “சரி, உங்களுக்குச் சொந்த ஊரு எது?” எனக்கும் அது பழக்கம்தான். அப்பா பிறந்ததும் உழைத்ததும் அந்த மலையில். ஆனாலும், தாத்தா கங்காணியோடு நடந்து வந்த ஊரின் பெயரைச் சொன்னால்தான் கேட்டவருக்குத் திருப்தி. என் காரையும் அப்படித்தான் கேட்கிறார்கள். வண்டலூரை விட்டு வந்த நாளில் எப்படி இருந்தாய்? இங்கே வாழ்ந்ததெல்லாம் கணக்கில் வராது.

போன மாதம் பின் பிராக்கெட்டில் ஒரு விரிசல் கண்டு, அதே கோவை லேத்காரரிடம் வண்டியை விட்டேன். அவருக்கும் வயதாகிவிட்டது. மகன் லேத் பக்கம் வருவதில்லை. ‘81’-ஐ மறைக்காமல் பக்கத்தில் புதுத் தகடு வைத்து நேர்த்தியாகப் பற்றவைத்திருந்தார். “அப்பா அடிச்ச மாதிரி நீங்களும் உங்க பேரையும் வருஷத்தையும் அதுல பஞ்ச் பண்ணுங்க” என்றேன். பஞ்சை எடுத்தார். தகட்டில் வைத்தார். சுத்தியலை ஓங்கியவர் அப்படியே இறக்கிவிட்டார்.

“வேண்டாங்க டீச்சர். அப்புறம் இதுக்கும் மார்க்கக் கொறச்சுப்போடுவாங்க.”