12 வோல்ட்தானே!

மீஞ்சூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். போன மாதம் அங்கே, பழைய சர்வரில் கழற்றிய பவர் சப்ளை ஒன்று வாங்கி வந்தேன். 750 வாட், 12 வோல்ட்டில் 62 ஆம்பியர் வரை தரும். குப்பைக்குப் போக வேண்டியது, நம் மேஜையில் இன்னும் பல வருஷம் உழைக்கும். இதை நான் மனதார ஆதரிக்கிறேன்.

ஆனால் பேரன், "12 வோல்ட்தானே தாத்தா, ஷாக் அடிக்காதே" என்றபோதுதான் பயம் வந்தது. ஷாக் அடிக்காதுதான். இரண்டு ஒயரும் உரசினால்? சோதனை மேஜைக்கென்றே விற்கும் சப்ளையில் கரண்டை அளவாக வைத்துக்கொள்ளலாம். இதில் அந்த வசதி இல்லை. சர்வருக்குப் பழகியது, தானாக நிற்பதற்குள் மெல்லிய ஒயரை உருக்கிவிடும்.

அதனால் என் வீட்டில் மூன்று சட்டம். வெளியே போகும் ஒவ்வொரு பாசிட்டிவ் ஒயரிலும் 5 ஆம்பியர் ஃபியூஸ். எர்த் உள்ள மூன்று பின் பிளக் மட்டுமே. டப்பாவைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கும்.

ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்கிறோம். அதில் சில ரூபாயை ஃபியூஸுக்குக் கொடுக்க மனமில்லை என்றால், குப்பையாகவே போகட்டும்.