மீனின் ஈரமும் திரவங்களின் விகிதமும்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரையில் தன் தலைமையிடமாகக் கொண்டிருந்த மண்டபத்தின் கரையில் சூடையும் மத்தியும் இன்றும் வலையேறி வருகின்றன. இத்தகைய மீன்களின் கொழுப்பை அளக்கப் புகுவோர் பலரும் கைக்கொள்வது, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் ப்ளை, டையர் என்னும் இருவர் ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட முறையையே.

அம்முறையின் சூட்சுமம், மூன்று திரவங்களை முதலில் ஒன்றாக்கிப் பின்னர்ப் பிரிப்பதில் அடங்கியிருக்கிறது. குளோரோஃபார்ம் 1, மெத்தனால் 2, நீர் 0.8 என்ற விகிதத்தில் அவை ஒரே திரவமாகித் தசைக்குள் புகுந்து கொழுப்பைக் கரைத்துக்கொள்ளும். மேலும் குளோரோஃபார்மும் நீரும் வார்த்து விகிதத்தை 2:2:1.8 ஆக மாற்றினாலோ, கனமான குளோரோஃபார்ம் கொழுப்பைச் சுமந்துகொண்டு பிரிபுனலின் அடியில் தங்க, நீரும் மெத்தனாலும் மேலே தெளிந்து நிற்கும். முதற்கட்டத்துக்குரிய அந்த 0.8 பங்கு நீரை அவர்கள் தனியே ஊற்றவில்லை. நூற்றுக்கு எண்பது பங்கு ஈரங்கொண்ட காட் மீனின் தசையே அதைக் கொடுத்தது. இதைத்தான் நம்மவர் பெரும்பாலும் கருதுவதில்லை.

கருவாட்டில் அவ்வளவு ஈரம் ஏது? குறையும் நீரைக் கணக்கிட்டு வார்த்தாலன்றி விகிதம் நிலைக்காது. மத்தியின் விஷயம் இன்னும் சிக்கலானது. பருவத்தில் கொழுப்பு ஏற ஏற ஈரம் இறங்குவதோடு, கொழுப்பு மிகக் குறைந்த காட் மீனுக்கென அமைந்த மெத்தனால் மிகுந்த கலவையில் மத்தியின் எண்ணெய் முழுவதும் கரைந்து வருவதுமில்லை. 2 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள மாதிரிகளில் இம்முறை குறைத்தே காட்டுகிறதென்றும், மிகக் கொழுத்தவற்றில் பாதியளவு வரை தவறிவிடக்கூடுமென்றும் ஐவர்சன் குழுவினர் 2001இல் நிறுவினர். ஏழை வீட்டுச் சட்டியில் வேகும் மீனின் போஷாக்கை அட்டவணையில் இவ்வாறு குறைத்தெழுதுவது சிறு பிழையன்று.

கொழுத்த மீனுக்கு, ஃபோல்ச் முதலியோர் 1957இல் வகுத்தவாறு, இரு பங்கு குளோரோஃபார்மும் ஒரு பங்கு மெத்தனாலும் சேர்ந்த கலவையை மாதிரியின் இருபது மடங்கு எடுத்துக்கொள்வதே தக்கது. கரைப்பான் செலவு மிகும். குளோரோஃபார்ம் நஞ்சாதலால் புகைபோக்கிப் பெட்டிக்குள்ளேயே வேலை செய்யும் கட்டுப்பாடும் இன்றியமையாததாகும். ஆயினும் சரியான அளவுக்கு இந்தச் சிரமம் தகும்.

இனிக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள், மாதிரியின் ஈரப்பதத்தையும், வார்த்த ஒவ்வொரு திரவத்தின் கன அளவையும், மீன் பிடிபட்ட மாதத்தையும் தவறாமல் குறித்தனுப்புமாறு வேண்டுகிறோம்.